தீக்குச்சி உரசுவதற்கு முன்னால்

மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, ஓரிரு நிமிடம் எரியவிட்டு, மெல்ல ஊதி அணைத்துப் பாருங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், திரிக்கு ஓர் அங்குலம் மேலே, அந்தப் புகைக்குள் பிடியுங்கள். நெருப்பு புகை வழியே விறுவிறுவென்று கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்று அசையாத அறையில் எளிதாக நடக்கும்.

வெட்டவெளியில் நெருப்பு மூட்டக் கற்றுக்கொடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். அந்த வெள்ளைப் புகை, ஆவியாகிப் போய்க் குளிர்ந்துகொண்டிருக்கும் மெழுகு. எரிவது அதுதான். விறகின் கதையும் இதேதான். கட்டை அப்படியே எரிந்துவிடுவதில்லை. சூடு ஏற ஏற முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்கி, எரியக்கூடிய வாயுக்களை வெளியே விடுகிறது. 300 டிகிரியை ஒட்டி அந்த வாயு காற்றோடு கலந்து பற்றிக்கொள்கிறது. நாம் பார்க்கும் கொழுந்து, அந்த வாயு எரிவதுதான். அதன் மஞ்சள் நிறம், உள்ளே பழுக்கக் காய்ந்து ஒளிரும் கரித்துகள்களால் வருவது. வாயுவெல்லாம் போனபின் மிஞ்சும் கரி, கொழுந்தில்லாமல் கனன்று எரியும். அது தணல்.

இந்த ஒன்றை வாங்கிக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை, எரியாமல் வீணாகப் போகும் எரிபொருள். எனவே புகைகிற நெருப்புக்குச் சூடு போதவில்லை, அல்லது காற்று போதவில்லை. இன்னும் நான்கு கட்டையை மேலே போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஈரத்தின் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல ஆறேழு மடங்கு வேண்டும், அதே தண்ணீரை முழுதாக ஆவியாக்க. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீராக இருப்பது சாதாரணம். நன்றாகக் காய்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். அப்போதுதான் பிடித்த சின்ன நெருப்பின்மேல் பச்சைக் கட்டையை வைத்தால், இருக்கிற சூடு அத்தனையும் அந்தத் தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும். கட்டையின் வெட்டுமுகத்தில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சத்தம் கேட்கும். கேட்டதும் அந்தக் கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நெருப்பருகே கிடந்து காயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என்னிடம் வருகிறவர்கள் "எந்த லைட்டர் நல்லது, எந்தத் தீக்குச்சி நல்லது" என்று கேட்கும்போது, பேச்சை விறகுக்குத் திருப்பிவிடுவேன். நெருப்பு மூட்டுவதற்கு ஆகும் நேரத்தில் முக்கால்வாசி, குச்சியை உரசுவதற்கு முன்பே செலவாகியிருக்க வேண்டும். பொறுக்கி, பிரித்து, கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்துவிட்டால் ஒற்றைத் தீக்குச்சி போதும். அது இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் போதாது.

பொறுக்குவதில் மூன்று தரம். முதலில் செத்தை: ஒரு பொறி, ஒரு சின்னக் கொழுந்து பட்டாலே பற்றிக்கொள்ளும் மெல்லிய பொருள். காய்ந்த புல், உதிர்ந்த மரப்பட்டையின் உள்நார், தென்னை நார், பஞ்சாக வெடித்த விதைகள், கைவிடப்பட்ட பறவைக்கூடு எல்லாம் இதில் சேரும். பஞ்சு மட்டும் இருந்தால் குபீரென்று எரிந்து ஒரு நொடியில் முடிந்துவிடும். நாரோடு பிசைந்து வைத்தால்தான் நிற்கும். பிர்ச் மரங்கள் இருக்கும் காடு என்றால் கவலையே இல்லை. அதன் காகிதம் போன்ற பட்டையில் எண்ணெய்ப்பசை உண்டு. நனைந்திருந்தாலும் துடைத்துவிட்டுப் பற்றவைக்கலாம். பைன் காட்டில், செத்துப்போன மரத்தின் அடிக்கட்டையையும் கிளைக் கணுக்களையும் தேடுங்கள். பிசின் ஊறி ஆரஞ்சு நிறமாக, கனமாக, டர்பன்டைன் வாசனையோடு இருக்கும் பகுதியைச் சீவி எடுத்தால், கறுப்புப் புகை விட்டுக்கொண்டு மழைத் தூறலிலும் எரியும்.

இயற்கையில் கிடைக்கும் என்று நம்பிப் போவதைவிடக் கொஞ்சம் கையோடு கொண்டுபோவதே எனக்குப் பிடித்த வழி. பஞ்சு உருண்டையில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தேய்த்து, சின்ன டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பஞ்சையும் ஊறவைத்துவிடக் கூடாது. நடுவில் கொஞ்சம் உலர்ந்த பஞ்சு இருக்க வேண்டும். பற்றவைக்கும்போது பிய்த்து, அந்த உலர்ந்த நூல்களை வெளியே இழுத்துவிட்டால் பொறி அதில் பிடிக்கும். ஜெல்லி மெழுகுபோல உருகி ஆவியாகி, சில நிமிடங்களுக்குக் கொழுந்தைத் தாங்கிப் பிடிக்கும். செத்தை கிடைக்காத நாளில் அந்தச் சில நிமிடம் பெரிய சொத்து.

அடுத்து சுள்ளி. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். செத்தை எரிகிறது, பெரிய விறகும் கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவே எதுவுமில்லை. மெல்லிய குச்சியில் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு அதிகம். சட்டென்று சூடேறி வாயுவை விடும். தடித்த கட்டை, மேலே படும் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மேற்பரப்பு 300 டிகிரியைத் தொட வெகுநேரம் ஆகும். ஆகவே படி வைத்துத்தான் ஏற வேண்டும். ஈர்க்குச்சி அளவில் இரண்டு கையாலும் அள்ளுமளவு, பென்சில் அளவில் அதைப்போல இரண்டு மடங்கு, கட்டைவிரல் அளவில் ஒரு கட்டு. அதற்குமேல்தான் மணிக்கட்டுத் தடிமன். போதும் என்று தோன்றும்போது இன்னொரு நடை போய் அதே அளவு கொண்டுவந்துவிடுங்கள். நெருப்பை விட்டுவிட்டுச் சுள்ளிக்கு ஓடினால் திரும்பி வருவதற்குள் அது அணைந்திருக்கும்.

காய்ந்ததா என்று பார்க்கக் காதும் உதடும் போதும். நல்ல சுள்ளி படக்கென்று ஒடியும். வளைந்து, நார் தெரியக் கிழிந்தால் இன்னும் பச்சை. ஒடித்த முனையை உதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தரையில் கிடப்பது மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மரத்திலேயே செத்து நிற்கும் கிளைகளும், விழுந்து வேறு கிளையில் தொற்றிக்கொண்டிருப்பவையும் எப்போதும் மேல். உயிரோடிருக்கும் மரத்தில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. அது எரியவும் எரியாது. அரளி போன்ற நச்சுச் செடிகளின் குச்சிகளைத் தொடவே வேண்டாம். அவற்றின் புகையிலும் நஞ்சு உண்டு. மருந்தடித்த பலகை, பெயின்ட் பூசிய மரம், பிளாஸ்டிக் இவற்றுக்கும் இதே பதில்தான்.

இன்னொன்று: விறகைத் தூரத்திலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பட்டைக்கு அடியில் பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் கூடவே வரும். 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அது பரவிய வழிகளில் விறகு முக்கியமான ஒன்று.

மழை பெய்து ஓய்ந்த நாளில் என்ன செய்வது? கோடாரி அல்லது உறுதியான கத்தி இருந்தால் கவலைப்பட வேண்டாம். மழை மேலே நனைக்குமே தவிர, நின்றபடி காய்ந்த கட்டையின் உள்ளே அவ்வளவு எளிதில் இறங்காது. மணிக்கட்டுத் தடிமனுள்ள கட்டையை நான்காக, எட்டாகப் பிளந்தால் நடுவே உலர்ந்த மரம் கிடைக்கும். ஒரு சிம்பை எடுத்து, கீழ்முனையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மேலிருந்து கீழாக நீளமாகச் சீவுங்கள். முனைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். சீவல் அறுந்து விழாமல் சுருண்டு குச்சியோடு நிற்கும். சீவியதும் மரத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு உண்டாகும். அடுத்த சீவலை அந்த விளிம்பின்மேலேயே ஓட்டுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் கத்தி ஆழமாகப் போய்த் தடித்த சிராய் வரும். கையை நேராக வைத்து, உடம்பின் எடையால் மெல்லத் தள்ளினால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக வரும். இப்படி நாலைந்து குச்சிகளைச் சீவி வைத்துவிட்டால், செத்தையும் சுள்ளியும் ஒன்றாகக் கையில் இருக்கின்றன. மழையில் நனைந்த காட்டில் இதைவிட நம்பகமான வேலை எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பழகினால் கைக்கு வந்துவிடும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுமதி உண்டா, தீத்தடை அமலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நெருப்பு மூட்டிய குழியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சுற்றிலும் 3 மீட்டருக்குச் சருகும் புல்லும் இல்லாமல் வெறும் மண் தெரியக் கூட்டிவிடுங்கள். தலைக்கு மேலே கிளை தாழ்ந்திருக்கக் கூடாது. மக்கிய இலைப்படுகையின் மேலும், வேர்கள் ஓடும் இடத்திலும் மூட்டாதீர்கள். நெருப்பு மண்ணுக்கு அடியிலேயே ஊர்ந்து போய் வேறெங்கோ தலைகாட்டும். ஆற்றுக்குள் கிடந்த கற்களை எடுத்து வளையம் கட்டவும் கூடாது. உள்ளே தேங்கிய நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே வெடிக்கச் செய்யும். பலத்த காற்றடிக்கிறதா? அன்றைக்கு நெருப்பே வேண்டாம்.

கூடாரத்துக்குள் மூட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தணலை மட்டும் தட்டில் எடுத்துவைத்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கூடாரத்துக்குள் எந்த நெருப்பும் கூடாது.

சரி, பற்றவைக்கும் வழிகளுக்கு வருவோம். எத்தனையோ இருந்தாலும் எனக்கு அவை இரண்டே குடும்பங்கள். ஒன்று, நேரே கொழுந்தைத் தருவது: தீக்குச்சி, லைட்டர். மற்றது, வெறும் கங்கைத் தருவது: சக்கிமுக்கிக்கல், தீக்கடைகோல், பூதக்கண்ணாடி போன்றவை. கங்கு கிடைத்தால் அதைக் கொழுந்தாக மாற்றும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

தீக்குச்சிக்கு வயது அவ்வளவொன்றும் அதிகமில்லை. இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், உரசிப் பற்றவைக்கும் குச்சியை 1827-ல் விற்கத் தொடங்கினார். பின்னால் வந்த குச்சிகளில் வெண்பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகிப்போனது. 1906-ல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அதைத் தடைசெய்ய வழிவகுத்தது. இன்றைய பெட்டியில் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸும் இருக்கின்றன. இரண்டும் உரசினால்தான் தீ. அதனால் பெட்டியின் அந்தப் பட்டை நனைந்து உரிந்துவிட்டால், குச்சி எவ்வளவு காய்ந்திருந்தும் பெரிதாகப் பயனில்லை. குச்சியையும் பட்டையையும் திருகுமூடி டப்பாவில் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

உரசியதும் பதறிப்போய்ச் செத்தையில் எறிய வேண்டாம். முதலில் எரிவது மருந்து. அது சீறி அடங்கியபின்தான் குச்சியின் மரம் பிடிக்கும். தலையைச் சற்றுக் கீழே சாய்த்து, இரண்டு கையும் குவித்துக் காற்றை மறைத்துப் பிடித்தால் கொழுந்து குச்சியின்மேல் ஏறிவரும். பிறகு காற்று வரும் பக்கமாக, செத்தையின் அடியில் கொண்டுபோய் வையுங்கள். சூடு மேலே போகும், காற்று அதைக் கட்டைகளுக்குள் தள்ளும்.

லைட்டர் வசதியானது, நான் எப்போதும் வைத்திருப்பதும் அதைத்தான். அதிலுள்ள பியூட்டேன் என்ற எரிவாயு, தண்ணீர் உறையும் குளிரை ஒட்டியே, கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில்தான் கொதிக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். லைட்டர் வெறும் பொறியை மட்டும் தரும். பனிப்பிரதேசத்தில் அதைச் சட்டையின் உள்பையில், உடம்பின் சூட்டில் வைத்திருங்கள்.

அந்த லைட்டரின் 'கல்' உண்மையில் கல்லே அல்ல. ஃபெரோசீரியம் என்ற கலவை உலோகம். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதையே விரல் நீளக் கம்பியாக வார்த்து விற்கிறார்கள். கூர்மையான விளிம்பால் சுரண்டினால் துகள்கள் தெறித்துக் காற்றில் எரியும். பொறியின் சூடு 3000 டிகிரியை எட்டும். தண்ணீரில் விழுந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். புதுக் கம்பியின்மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், அதை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்புறம் கைவாகு. சுரண்டியை முன்னால் தள்ளினால் கை போய்ச் செத்தையில் இடித்துக் கலைத்துவிடும். சுரண்டியைச் செத்தைக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னால் இழுங்கள். பொறியெல்லாம் ஒரே இடத்தில் விழும்.

சக்கிமுக்கிக்கல்லில் நடப்பது வேறு. கல்லிலிருந்து பொறி பறக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். கடினமான கல்லின் கூர்முனை எஃகிலிருந்து நுண்ணிய இரும்புத் துகளைச் சீவி எடுக்கிறது. எரிவது அந்த இரும்பு. கரிமம் அதிகமுள்ள எஃகுதான் இதற்கு ஒத்துவரும். இந்தப் பொறி ஃபெரோசீரியப் பொறியைவிடச் சூடு மிகக் குறைவு, சாதாரணச் செத்தையில் பிடிக்காது. அதற்குக் கரித்துணி வேண்டும். பழைய பருத்தித் துணியைத் துண்டுகளாக வெட்டி, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் அடைத்து, தணலில் வையுங்கள். துளை வழியே புகை வரும். அந்தப் புகையைப் பற்றவைத்தால் துளையின் மேலேயே ஒரு கொழுந்து நின்று எரியும். மெழுகுவத்திப் புகையில் பார்த்தது இங்கேயும் நடக்கிறது. புகை நின்றதும் டப்பாவை எடுத்து, திறக்காமல் ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்று பட்டு மொத்தமும் சாம்பலாகிவிடும். கையில் கிடைப்பது வாயுவெல்லாம் போன வெறும் கரி. ஈரமும் வாயுவும் கிளம்பக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் ஒரு பலவீனமான பொறி விழுந்தாலே செம்புள்ளியாகப் பரவத் தொடங்குகிறது.

1991-ல் இத்தாலி, ஆஸ்திரியா எல்லையில் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட ஓட்ஸி என்ற மனிதர் 5000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். அவருடைய இடுப்புப் பையில் மரத்தில் வளரும் ஒருவகைக் காளான் இருந்தது, அதில் பைரைட் கனிமத்தின் தடயம் ஒட்டியிருந்தது. எஃகு இல்லாத காலத்தில் பைரைட்டைக் கல்லால் அடித்துத்தான் பொறி எடுத்தார்கள். அந்தக் காளான் அவருடைய கரித்துணி. என்னை மேலும் கவர்ந்தது அவரிடமிருந்த பிர்ச் பட்டைக் கிண்ணம். அதற்குள் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. தணலை இலையில் பொதிந்து கூடவே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாக மூட்டுவதைவிட இது எவ்வளவு அறிவான காரியம்!

பூதக்கண்ணாடியில் குவிந்த வில்லையாக இருப்பது அவசியம். எழுத்து படிக்க உதவும் கண்ணாடி சில சமயம் வேலை செய்யும். கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒளியைச் சிதறடிக்குமே தவிரக் குவிக்காது. வெயில் உச்சியில் இருக்கும்போது, ஒளிப்புள்ளி முடிந்தவரை சிறிதாகும் தூரத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். கறுப்பான பொருள் ஒளியை நன்றாக விழுங்கும் என்பதால் இங்கேயும் கரித்துணியே முதல் தேர்வு. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளையும் மெல்லிய எஃகுக் கம்பளியில் தேய்த்தால் அந்த இரும்பு இழைகளே கனன்று எரியும். பையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. தென்கிழக்கு ஆசியாவில் மூங்கிலிலும் கொம்பிலும் செய்த தீ உந்துகுழல் அழகான கருவி. ஒருபக்கம் அடைத்த குழாயில் தண்டை ஓங்கி அடித்து உள்ளே தள்ளினால், நசுங்கிய காற்று சட்டென்று சூடாகி, தண்டின் நுனியில் வைத்த செத்தையைக் கனலச் செய்யும். டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றுவதும் இதே விதிப்படிதான்.

தீக்கடைகோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச ஆசை. வில்லால் கடையும் முறையை எடுத்துக்கொள்வோம், தொடங்குபவர்களுக்கு அதுவே சுலபம். அடிப்பலகை, கடையும் தண்டு, மேலே அழுத்திப் பிடிக்கும் குழிக்கல், கயிறு கட்டிய வில். பலகையும் தண்டும் நன்றாகக் காய்ந்த மென்மரமாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் பொடிந்துபோகக் கூடாது. வில்லோ மரம் நல்ல தேர்வு. பிசினுள்ள மரம் வேண்டாம், உராய்வு வழுக்கிவிடும். முதலில் சிறிது கடைந்து குழி கறுத்ததும் நிறுத்தி, பலகையின் விளிம்பிலிருந்து அந்தக் குழியின் நடுவை நோக்கி ஒரு முக்கோண வெட்டு வெட்டுங்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கட்டும். அந்த வெட்டுதான் எல்லாம். தேய்ந்து வரும் பொடி அதில்தான் குவியும். குவிந்தால்தான் சூடு தங்கும். அதன் அடியில் ஓர் இலையையோ பட்டைத் துண்டையோ வைத்துவிடுங்கள்.

வில்லின் முழு நீளத்துக்கும் நிதானமாக இழுங்கள். இடது கால் பலகையின்மேல், இடது மணிக்கட்டு முழங்கால் எலும்பில் அணைந்திருந்தால் தண்டு ஆடாது. தொடக்கத்தில் வேகமும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம், மூச்சைச் சேமியுங்கள். புகை வரத் தொடங்கியதும் பொடியின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர்பழுப்பாகவும் முரடாகவும் இருந்தால் அழுத்தம் போதவில்லை. கறுப்பாக, நூல்நூலாகச் சுருண்டு வந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. காப்பிப்பொடி நிறத்தில் மென்மையாக விழ வேண்டும். வெட்டு நிரம்பியதும் வேகத்தையும் அழுத்தத்தையும் ஒன்றாகக் கூட்டி, கை சோரும்வரை கடைந்துவிட்டு, நிறுத்துங்கள். தண்டிலிருந்து வரும் புகை நின்றபிறகும் பொடிக் குவியலிலிருந்து தனியாக ஒரு மெல்லிய புகை எழுந்துகொண்டே இருந்தால், உள்ளே கங்கு பிறந்துவிட்டது. இனி அவசரமே இல்லை. பலகையைத் தட்டி மெல்ல விலக்குங்கள், கையால் லேசாக விசிறுங்கள். பொடி ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, நடுவே சிவப்பு தெரியும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொடியும் கரிதான், கரித்துணியின் அதே குணம்தான் அதற்கும்.

கங்கு எந்த வழியில் கிடைத்தாலும் அடுத்த வேலை ஒன்றே. நாரைப் பிசைந்து கூடுபோலக் குழியாக்கி, அதன் நடுவே கங்கை இறக்கி, நார் அதைத் தொடும்படி மெல்ல மூடுங்கள். முகத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் புகை கண்ணில் வராது. நீளமாக, மென்மையாக, விட்டுவிட்டு ஊதுங்கள். புகை முதலில் மெல்லிதாக வரும், பிறகு அடர்ந்து மஞ்சள் கலந்த வெள்ளையாகும். நாரிலிருந்து வாயு கிளம்பிவிட்டது என்று அதற்குப் பொருள். இந்த நேரத்தில் ஊதுவதை விட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு மூச்சில் குப்பென்று கொழுந்து பிடிக்கும்.

அடுக்குவதற்கு ஊருக்கொரு பெயர் உண்டு, ஆளுக்கொரு வாதம் உண்டு. கூம்பாகச் சாய்த்து அடுக்கினால் சீக்கிரம் பிடிக்கும். சூடு மேலேறும் பாதையிலேயே குச்சிகள் இருக்கின்றன. ஆனால் சீக்கிரமே சரிந்தும் விழும். காற்றுள்ள நாளில் தடித்த கட்டை ஒன்றைக் காற்று வரும் பக்கம் கிடத்தி, மறுபக்கத்தில் செத்தையை வைத்து, சுள்ளிகளைக் கட்டையின்மேல் சாய்த்து வைப்பேன். இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கிணறு கட்டினால் நன்றாகக் காற்றோட்டம் கிடைத்து, சீரான தணல் வரும். சமைக்க அதுவே ஏற்றது. பெரிய கட்டையைக் கீழே நெருக்கமாக வைத்து, மேலே போகப்போகச் சிறிதாக்கி, உச்சியில் பற்றவைக்கும் தலைகீழ் அடுக்கும் உண்டு. கீழ்க்கட்டையிலிருந்து வரும் வாயு மேலேயுள்ள கொழுந்தைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் புகை குறைவு. பற்றவைத்துவிட்டால் வெகுநேரம் கை வைக்க வேண்டியதில்லை. விறகு நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். தரை ஈரமாக இருந்தால் எந்த அடுக்கானாலும் அடியில் குச்சிகளை நெருக்கிப் பரப்பி ஒரு மேடை போட்டுக்கொள்வது நல்லது.

பிடித்த நெருப்பைக் கொஞ்சநேரம் அதன் போக்கில் விடுங்கள். குத்திக் கிளறிக்கொண்டே இருப்பவர்களால் அணையும் நெருப்பு நிறைய. கொழுந்து மேலே உள்ள சுள்ளியைத் தாண்டித் தலைநீட்டிய பின்பே அடுத்த தடிமனுக்குப் போகலாம். கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். ரொம்பத் தள்ளி வைத்தாலும் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகாது. ஒற்றைக் கட்டை தனியாகக் கிடந்து எரிவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புகை கூடினால் ஒரு கட்டையை அகற்றிவிட்டு, தணல் இருக்கும் அடிப்பக்கமாக ஊதுங்கள்.

பெட்ரோல் ஊற்றுவது பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். தயவுசெய்து வேண்டாம். அது மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி உங்கள் காலடி வரை வந்திருக்கும். குச்சியை உரசும்போது பற்றுவது விறகு மட்டுமல்ல, நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்துதான். அணைந்ததுபோல் தெரியும் தணலின்மேல் ஊற்றுவது இன்னும் மோசம், கொழுந்து கையிலுள்ள கேனுக்கே ஏறிவரும். கை கழுவும் சானிடைசர் எரியும் கொழுந்து பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அதனால் அதுவும் வேண்டாம். சுள்ளி சரியாக இருந்தால் இவை எதற்கும் தேவை வராது.

அணைப்பதற்குத் தண்ணீரை முன்பே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். பெரிய கட்டைகள் முழுதாக எரிந்து சாம்பலாகட்டும். பிறகு ஓரத்திலிருந்து தொடங்கி மெல்லத் தண்ணீரைத் தெளித்து வாருங்கள். நடுவில் ஒரே வீச்சில் கொட்டினால் கொதிநீராவியும் சூடான சாம்பலும் முகத்துக்கு வரும். குச்சியால் கிளறி, மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். உஸ்ஸென்ற சத்தம் ஓயும்வரை விடாதீர்கள். பாதி எரிந்த கட்டைகளைப் புரட்டி அடிப்பக்கத்தையும் நனையுங்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். மண் சூட்டைப் பொத்தி வைக்கும். அடியில் தணல் இரவெல்லாம் உயிரோடிருந்து, மறுநாள் காற்றில் மண் விலகியதும் கண் விழிக்கும். அதன்மேல் தெரியாமல் வெறுங்காலை வைப்பவர் அடுத்து வரும் குழந்தையாக இருக்கலாம்.

கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரியவில்லையென்றால் இன்னும் கீழே, அதுவும் இல்லையென்றால் தொட்டே பாருங்கள். எங்காவது வெதுவெதுப்பாக இருந்தால் அந்த இடத்தில் மறுபடி தண்ணீர். வளையம் கட்டிய கற்களைப் புரட்டி, அவற்றுக்கு அடியிலுள்ள மண்ணையும் நனைத்துவிட்டுப் பையைத் தூக்குங்கள்.